சுராங்கனியைப் பாடியவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

நம் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்து பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வேகமெடுத்ததும் பின்வரிசையிலிருந்து எந்தப் பாட்டுக் கிளம்பும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். முதலில் புதிய படப் பாட்டு இரண்டொன்று வரும். இரண்டாம் சரணம் யாருக்கும் முழுதாகத் தெரியாததால் அவை பாதியிலேயே படுத்துவிடும். பிறகு 'சுராங்கனி' வரும். அது படுக்காது. இயற்பியலும் தமிழும் வணிகவியலும் துறை வேறுபாடு மறந்து பாடும். முன்னிருக்கையில் கண்டிப்பான முகத்தோடு அமர்ந்திருக்கும் விரிவுரையாளரின் விரல்கள்கூட ஜன்னல் கம்பியில் மெல்லத் தாளம் போடும். அடுத்து 'சின்ன மாமியே'. மேல்மருவத்தூர் வரை இந்த இரண்டு பாட்டே போதும்.

இவற்றைப் பாடியவர் யார்? இந்தக் கேள்வியை நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். "ஏதோ பழைய படப் பாட்டு" என்றார் ஒருவர். "மலேசியா வாசுதேவன்" என்றார் இன்னொருவர். "யாரும் பாடவில்லை, அது நாட்டுப்புறப் பாட்டு" என்றார் மூன்றாமவர். மூன்றாவது விடைதான் என்னை உறுத்திற்று. நாம் நாள்தோறும் பாடும் ஒரு பாட்டை அநாதை என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அந்தப் பாட்டை நம் காதுகளில் கொண்டுவந்து சேர்த்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் இலங்கைத் தமிழர். பெயர் ஏ.ஈ. மனோகரன். 'சிலோன் மனோகர்' என்றால் நம் பெற்றோருக்குத் தெரியும். 2018 ஜனவரி 22 அன்று தம் 73ஆவது வயதில் இதே சென்னையில் காலமானார். நாங்கள் அப்போது நடுநிலைப்பள்ளி மாணவர்கள். அவர் பாட்டைப் பாடிக்கொண்டே வளர்ந்த எங்களுக்கு, அவர் இதே நகரில் இருந்தார் என்பதும் தெரியாது, மறைந்தார் என்பதும் தெரியாது.

அவரைப் பற்றிப் பேசுமுன் அவர் பாடிய பாட்டின் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதில் சுவை அதிகம்.

அந்தப் பாட்டு வகைக்குப் பைலா என்று பெயர். இச்சொல் தமிழும் அன்று, சிங்களமும் அன்று. போர்த்துக்கீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுதல். ஸ்பானிய மொழியிலும் அதே சொல்தான். 1505இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியரை 1658இல் ஒல்லாந்தர் முற்றாக வெளியேற்றினர். கோட்டைகள் கை மாறின. தாளம் மட்டும் கை மாறவில்லை. போர்த்துக்கீசியரோடு வந்துசேர்ந்த ஆப்பிரிக்க வழியினரான காப்பிலியரும், கலப்பு மணங்களின் வழிவந்த பறங்கியரும் அந்த ஆட்டப்பாட்டை விடாமல் வைத்துக்கொண்டனர். மட்டக்களப்பில் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கீசியக் கலப்பு மொழி நம் காலம் வரை பேசப்பட்டு வந்திருக்கிறது. 1940களில் வாலி பஸ்டியன் என்பவர் இதைச் சிங்கள மேடைக்கு ஏற்றினார். அவர் தொழிலால் காவல்துறையினர் என்பது சுவையான செய்தி. இரு பாடகர்கள் மேடையில் எதிரெதிர் நின்று, அப்போதைக்கப்போது அடிகளைக் கட்டி ஒருவரையொருவர் மடக்கும் 'வாத பைலா' அவர் வளர்த்தது. நம் ஊர் லாவணியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவருக்குப் பின் எம்.எஸ். பெர்னாண்டோ அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சென்றார்.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிட வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் 'பரங்கிமலை' என்ற அறிவிப்பை நாள்தோறும் கேட்கிறோமே, அந்தப் பரங்கியரும் இவர்களேதாம். இங்கே ஒரு மலைக்குப் பெயரை விட்டுச் சென்றார்கள், அங்கே ஒரு தாளத்தை விட்டுச் சென்றார்கள். நாம் வகுப்பில் ஆசிரியர் இல்லாத வேளையில் தட்டும் மேசை இருக்கிறதே, அந்த 'மேசை'யும் அவர்கள் சொல்தான். 'ஜன்னல்', 'அலமாரி', 'சாவி' ஆகியவையும் அவ்வழி வந்தவையே.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பைலாவில் ஓர் ஆவர்த்தனத்துக்கு ஆறு எண்ணிக்கை. அவை மூன்று மூன்றாகப் பிரியும். நம் சங்கீத வித்துவான்கள் இதைத் திஸ்ர நடை என்பார்கள். மேசையில் இடக்கை ஒன்றும் வலக்கை இரண்டுமாகத் தட்டிப் பாருங்கள், கால் தானே ஆடும். இதற்குக் குருகுலவாசம் வேண்டாம். வர்ணம், கீர்த்தனை என்று படிப்படியாக ஏற வேண்டாம். ஒரு கிதார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தகர டப்பா போதும். வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்துக் கற்பிக்க வழியில்லாத குடும்பங்களிலிருந்து வந்த என் போன்றோருக்கு இது சிறிய செய்தியன்று. இந்தப் பாட்டு நம்மை உள்ளே வரச் சொல்கிறது. வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதில்லை.

1960களின் பிற்பகுதியில் இந்தத் தாளத்தின் மேல் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் தமிழை ஏற்றினார்கள். நாம் 'பாப்' என்று எழுதுவதை அவர்கள் 'பொப்' என்று எழுதினர். 'துள்ளிசை' என்று அழகான தமிழ்ப் பெயரும் இட்டனர். (பெயரைக் கேட்டாலே துள்ளத் தோன்றுகிறது. கலைச்சொல் ஆக்குவோர் கவனிக்க.) இவர்களுள் முன்னோடி உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' அவர் தாமே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பதும் அவருடையதே. இவர் திரைப்படக் கவிஞர் அல்லர், ஆஸ்தான வித்துவானும் அல்லர். வேளாண்மை படித்தவர். அதாவது நம்மைப் போல் அறிவியல் மாணவர்! மாமியின் மகளைத் தேடி வரும் இளைஞனுக்கும் மாமிக்கும் நடக்கும் வாய்ச்சண்டையை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாட்டாக்கினார். பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவர் பாட்டோ கடல் தாண்டி வந்து நம் பேருந்தில் ஏறிக்கொண்டது. எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்டான்லி சிவானந்தன், இமானுவேல் என்று அந்தக் கூட்டம் பெரியது. அக்கூட்டத்தில் மேடையைக் கட்டி ஆண்டவர், 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று மக்கள் அழைத்தவர், மனோகரன்.

மனோகரன் நடிகரும் ஆவார். இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவியது. அதில் அவர் நடித்தார். ஆனால் அவர் உயிர் இருந்தது மேடையில்தான். நீண்ட தலைமுடி, தாடி, கண்ணைப் பறிக்கும் உடை. கூட்டத்தைத் தன்னோடு பாடவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவரும் கதையைச் சிங்களத்தில் பாடுவார், உடனே தமிழுக்குத் தாவுவார். முருகனைப் பற்றிய 'மால் மருகா' என்ற பாட்டையும் அதே துள்ளலில் பாடினார். பக்தி என்றால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்ற விதியை அவர் ஏற்கவில்லை போலும்.

இங்கே ஒன்றை நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றிய நாடு அது. அந்த நாட்டில் ஒரு தமிழர், சிங்கள வரியையும் தமிழ் வரியையும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். இரு இனத்தாரும் கை தட்டிப் பாடினர். அரசியல்வாதிகளால் முடியாததை ஆறு எண்ணிக்கைத் தாளம் செய்தது என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது எந்தப் பாட்டும் எதையும் தடுக்கவில்லை. பாட்டின் வலிமையைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவது நம் கட்டுரைகளுக்கு வழக்கமாகிவிட்டது. நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது. தீ அணைந்த பின்னும், போர் 2009இல் முடிந்த பின்னும், அந்தப் பாட்டை இரு தரப்பாரும் கைவிடவில்லை. அவ்வளவே.

அந்தப் பாட்டு நம் கரைக்கு எவ்வாறு வந்தது? வானொலியால் வந்தது. 1952இல் நம் நாட்டின் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், திரைப்படப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடத்தைக் குறைத்தார். மக்கள் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை, ரேடியோவின் குமிழைத் திருப்பிக்கொண்டார்கள்! இலங்கை வானொலி இந்தியா முழுதும் ஒலித்தது. 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் இலங்கை வானொலியின் செல்வாக்குக் குறையவில்லை. இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நடுத்தர அலை தரையின் மேல் செல்வதைவிட உப்புநீரின் மேல் வெகுதூரம் வலுக் குறையாமல் செல்லும், ஏனெனில் கடல்நீர் நல்ல மின்கடத்தி. சிற்றலையோ வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். ஆகவே பாக் நீரிணை நமக்கும் அவர்களுக்கும் நடுவே தடையாக இருந்தது என்பது கப்பலுக்குத்தான் பொருந்தும்.

கப்பலுக்கும் ஒரு காலத்தில் அது தடையாக இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் நம் தாம்பரத்தின் வழியாகவே தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு இராமேஸ்வரம் – தாம்பரம் புதிய ரயிலும் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ரயில் கடலோரத்தோடு நின்றுவிடுகிறது என்பதைத் தவிரக் குறையொன்றுமில்லை.

என் தாத்தா மேற்குத் தாம்பரத்தில் ஒரு மிதிவண்டிக் கடையில் வேலை பார்த்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். 'சுராங்கனி பாடியவர் யார்' என்று அவரிடம் கேட்டேன். பஞ்சர் ஒட்டுவது போல ஒரே அழுத்தில், "மனோகர். சிலோன் மனோகர்" என்றார். 'சின்ன மாமியே' யார் என்றேன். "நித்தி கனகரத்தினம்" என்றார். பட்டப்படிப்புப் படிக்கும் எங்களுக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது? காரணம் எளியது. கடையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். மயில்வாகனனோ, கே.எஸ். ராஜாவோ, பி.எச். அப்துல் ஹமீதோ ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தட்டில் வைப்பார்கள். கேட்பவர் வேண்டாமென்றாலும் பெயர் காதில் விழும். நம் கைப்பேசியில் ஆயிரம் பாட்டு இருக்கிறது. யாரும் நமக்குப் பெயர் சொல்வதில்லை. திரையில் சின்ன எழுத்தில் ஓடுகிறது. அதுவும் பல சமயம் தவறாக ஓடுகிறது. பாட்டு பெருகியது, பெயர் சுருங்கியது. இதை வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை.

இனி நம் திரையுலகம் மனோகரனை நடத்திய விதத்துக்கு வருகிறேன். 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாடிய 'சுராங்கனி' இடம்பெற்றது. பாட்டு தமிழ்நாடு முழுதும் பரவியது. மலேசியா வாசுதேவன் பெரிய பாடகர், அதில் ஐயமில்லை. ஆனால் அன்று முதல் அது 'படப் பாட்டு' ஆயிற்று. மேடைப் பாடகருக்கு மேடை மட்டுமே மிஞ்சியது. மனோகரனும் தமிழ்நாட்டுக்கு வந்தார், கச்சேரிகள் செய்தார், கூட்டம் கூடியது. தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று பல மொழிப் படங்களில் நடித்தார். என்ன வேடத்தில்? பெரும்பாலும் வில்லனாகவும் வில்லனின் கையாளாகவும். அந்த நீண்ட முடியையும் தாடியையும் கண்டவுடன் நம் இயக்குநர்களுக்குக் கடத்தல்காரன்தான் நினைவுக்கு வந்திருக்கிறான்! ஒரு தலைமுறையையே ஆடவைத்தவரைக் கதாநாயகனிடம் அடி வாங்க வைத்தோம். அவர் பாட்டுக்கு நம் நாட்டில் இடம் இருந்தது. பாடகராக வாழ அவருக்கு இடம் இருக்கவில்லை.

இதற்கு அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. தமிழ்நாட்டில் திரைப்படத்துக்கு வெளியே பாட்டுப் பாடி ஒருவர் பிழைக்க இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று சபா, மற்றொன்று கோவில் திருவிழா. சபாவுக்குச் சங்கீதம் வேண்டும், திருவிழாவுக்குப் படப் பாட்டு வேண்டும். இரண்டும் இல்லாமல் 'என் பாட்டு, என் தாளம்' என்று வந்தவருக்குக் கதவு திறப்பதற்கு இங்கே யாரும் இல்லை. இலங்கையில் தமிழ்த் திரையுலகம் சிறியதாக இருந்ததே அங்கே பொப் இசை வளரக் காரணம் என்பது என் எண்ணம். நம் திரையுலகம் ஆலமரம். அதன் நிழல் பெரிது, நிழலில் வேறெதுவும் முளைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸின் புறநகரான பகோய்மாவில் பிறந்த ரிச்சி வாலன்ஸ் என்ற மெக்சிகோ வழி இளைஞர், 'லா பாம்பா' என்ற பழைய வேராகுருஸ் நாட்டுப்பாட்டை 1958இல் ராக் இசையில் பாடினார். அவருக்கு ஸ்பானிய மொழி சரளமாக வராது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆயினும் நாடே ஆடிற்று. 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 17. இன்று உலகம் லத்தீன் பாப் என்று கொண்டாடும் பெரிய வரிசையின் தொடக்கத்தில் அந்தப் புறநகர்ப் பையனின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். 1987இல் லாஸ் லோபோஸ் குழு அதே பாட்டைப் பாடி முதலிடம் பெற்றபோது, அது ரிச்சி வாலன்ஸின் வாழ்க்கையைச் சொல்லும் படத்துக்காகவே பாடப்பட்டது. பாட்டு மீண்டும் வந்தபோது பாடகரையும் கையோடு அழைத்து வந்தது என்பதே இதில் நான் கண்ட செய்தி. சுராங்கனி எத்தனையோ முறை மீண்டும் வந்திருக்கிறாள். ஒரு முறையாவது மனோகரனை அழைத்து வந்தாளா?

எல்லாரும் அங்கே யோக்கியர் என்று சொல்லமாட்டேன். 1989இல் உலகத்தையே ஆட்டி வைத்த 'லம்பாடா' நினைவிருக்கும். நினைவில்லாவிட்டால் உங்கள் அத்தையைக் கேளுங்கள். அது பொலிவியா நாட்டின் லாஸ் கார்காஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட பாட்டின் மெட்டு. அவர்களைக் கேட்காமலே எடுத்தாண்டார்கள். அந்த மலைநாட்டுக் கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தனர், ஈடும் பெற்றனர், பெயரும் பெற்றனர். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில், படைப்பை விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது என்கிறது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்க இயலாத பங்கு தந்தது. சட்டம் நீதிமன்றத்தில் இருக்கிறது, சுற்றுலாப் பேருந்தில் இல்லை.

இது பழங்கதையா? 2021இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' படப் பாட்டன்று. உலகமே கேட்டது. அதன் பின்னணியில் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய நிலமற்ற மக்களின் வாழ்க்கை. மறுபடியும் இலங்கை! அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓர் ஆங்கில இசை இதழ் தன் அட்டையில் தீயையும் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது, அறிவைப் போடவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்த பிறகு அறிவுக்கென ஒரு மின்னட்டை வந்தது. மனோகரனுக்கு அன்று கேட்க ஆளில்லை, அறிவுக்கு இன்று கேட்க ஆளிருந்தது என்பது முன்னேற்றமே. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை மாறவில்லை.

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம் நம் மேடைதான். சென்ற ஆண்டு நகரில் ஒரு கல்லூரிக் கலைவிழாவுக்கு எங்கள் குழு போயிருந்தது. எங்களுள் முடிச்சூரிலிருந்து வரும் வணிகவியல் நண்பர் ஒருவர், காலை ஏழரை மணித் தாம்பரம் மின்ரயிலின் நெரிசலைப் பற்றித் தாமே கட்டிய பாட்டைப் பாட விரும்பினார். பூ விற்கும் அம்மா, சீசன் டிக்கெட்டை மறந்த குமாஸ்தா, பெட்டியில் பாடிப் பிழைக்கும் கண்பார்வையற்ற பெரியவர், எல்லாரும் அதில் வருவார்கள். "எந்தப் படம்?" என்று கேட்டார் பொறுப்பாளர். படமில்லை என்றதும், "கரோக்கே டிராக் இருக்கிறதா?" என்றார். அதுவும் இல்லை. "அப்படியானால் எந்தப் பிரிவிலும் சேர்க்க முடியாது" என்று பெயரை அடித்துவிட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நித்தி கனகரத்தினம் அன்று அந்த வரிசையில் நின்றிருந்தாலும் அவர் பெயரும் அடிபட்டிருக்கும். பிறகு அதே மேடையில் ஒரு குழு 'சின்ன மாமியே' பாடி மூன்றாம் பரிசு வாங்கியது. என்ன படம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை!

நம் கல்லூரியின் விதிகளும் பெரிதாக வேறுபட்டவை அல்ல. மெல்லிசைப் போட்டி என்றால் திரைப்பாடல் என்றே பொருள் கொள்கிறோம். விரிவுரையாளர் சிலர், "சொந்தப் பாட்டு என்று விட்டால் தரம் கெடும், கண்டதைப் பாடுவார்கள்" என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் முழுதும் தள்ளவில்லை. ரயில் பெட்டியைத் தட்டிப் பாடுகிற சில கானாக்களை ஆசிரியர் முன்னால் பாட முடியாதுதான். ஆயினும் பாட்டெழுதினால் மேடை கிடைக்கும் என்று தெரிந்தால் மேடைக்குத் தகுந்தபடி எழுதுவார்கள். மேடையே இல்லையென்றால் ரயிலுக்குத் தகுந்தபடிதான் எழுதுவார்கள். திரைப்பாடல்களில் மட்டும் கண்டது இல்லையா என்ன?

ஆகவே நுண்கலை மன்றப் பொறுப்பாசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டு. வரும் ஆண்டு விழாவில் மாணவர் தாமே எழுதி மெட்டமைத்த பாட்டுக்கெனப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். வாத்தியம் இல்லாவிட்டால் மேசை அனுமதிக்கப்பட வேண்டும். இன்னொன்று செலவில்லாதது. யார் எந்தப் பாட்டைப் பாடினாலும், தொடங்குமுன் எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் பெயர்களை அறிவிப்பாளர் வாசிக்க வேண்டும். பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது பாடுபவர் பொறுப்பு. தேடியும் கிடைக்காவிட்டால் மேற்குத் தாம்பரத்தில் ஒருவர் இருக்கிறார், அழைத்துப் போகிறேன்.

முடிச்சூர் நண்பரிடம் இதைச் சொன்னேன். பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கிறது, ரயில் பல்லாவரத்தைத் தாண்டிவிட்டது, பரங்கிமலையில் யாரை ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.